ஆடியில் போட்ட கையெழுத்து

எனக்குக் கிடைத்த இன்ஜினியரிங் சீட், அன்று மாலை ஐந்து மணியோடு கைவிட்டுப் போக இருந்தது. 1991-ஆம் வருடம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாயாரின் ஆடிப்பூரத் தேர் நாள்.

நாங்கள் ராஜபாளையம். அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். படைவீரர் பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஆனால் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேருவதற்கான பணத்துக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா பென்ஷன் வாங்கும் வங்கியில் கல்விக் கடன் கேட்டோம். அவர்கள் சம்மதிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. அப்பாவும், ஜாமீன் நிற்க ஒப்புக்கொண்ட சித்தப்பாவும் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

அப்பா பேனாவைத் தொட மறுத்துவிட்டார்.

"ஆடியில போயி கடன் பத்திரத்துல கை வைப்பாகளா? ஆவணி பொறக்கட்டும்."

எல்லையில் துப்பாக்கி பிடித்த மனிதர், காலண்டருக்குப் பயந்தார். மதுரையில் இருந்த கல்லூரிக்குத் தவணை கேட்டு எழுதினார். தேருக்கு முந்தைய நாள் பதில் வந்தது. மறுநாள் மாலை ஐந்துக்குள் டி.டி. வராவிட்டால் சீட் அடுத்த ஆளுக்கு. அப்பா காலண்டரைப் பார்த்தார்.

"நாளைக்குத் தேராச்சே. உள்ளூர் லீவு விட்டிருக்காக. பேங்க் ஏது?"

எனக்கு அவர்மேல் அம்புட்டுக் கோபம்.

ஆனாலும் வருடம் தவறாமல் வடம் பிடிக்கிற குடும்பம். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ரத வீதியில் தேர் நின்றுவிட்டது. எத்தனை பேர் இழுத்தும் அசையவில்லை. நான் வடத்தில் நெற்றியை வைத்து அழுதேன். "தாயே, எனக்குப் படிக்க வேண்டும். வழி காட்டு. இல்லாவிட்டால் இந்த ஆசையையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்."

தேர் அசைந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே எங்கள் வங்கி. கதவு திறந்திருந்தது! வாசலில் காக்கி உடுப்பில் பந்தோபஸ்துக்கு நின்றவர் யார்? போலீஸ்கார சித்தப்பா.

"அண்ணே, உள்ளூர் லீவு பள்ளிக்கூடத்துக்கும் சர்க்கார் ஆபீஸுக்கும்தான். பேங்குக்கு எவன் விட்டான்?"

உள்ளே ஓடினோம். மேனேஜர் பத்திரத்தை நீட்டினார். அப்பாவின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. வெளியே "கோவிந்தா" என்ற முழக்கம். அப்பா ஜன்னல் வழியாகத் தேரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அவ பொறந்த மாசத்தப் போயி ஆகாத மாசம்னுட்டேனே, ஏட்டி."

போட்டார். சித்தப்பாவும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போட்டார்.

டி.டி. கைக்கு வர மணி ஒன்று. கூட்டத்தால் பஸ் ஊருக்குள் வரவில்லை. ஊர் எல்லைவரை ஓடி, மதுரை பஸ் பிடித்தோம். கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. முனகிக்கொண்டே வாங்கி முத்திரை குத்தினார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அரசு உதவித்தொகையும் அந்த வருடமே வந்தது. வங்கிக் கடனை என் சம்பளத்தில் அடைத்தேன். இன்று நான் உண்ணும் சோறு தாயார் போட்டது.

அடியார்களே, பிள்ளைகளின் படிப்பை நல்ல மாதத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். அவளிடம் கேளுங்கள், கட்டாயம் தருவாள். கேட்ட கையோடு, வங்கி திறந்திருக்கிறதா என்று நீங்களும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.