கிஷ்க் முடியட்டும்

எங்கள் மலையில் செப்டம்பர் மாதம் பெண்களிடம் வாய் கொடுக்கக் கூடாது. அடுப்பில் தக்காளி கொதித்துக்கொண்டிருக்கும், மாடியில் அத்திப்பழம் காய்ந்துகொண்டிருக்கும், கத்தரிக்காய்க்குள் அக்ரூட்டும் பூண்டும் திணித்து எண்ணெயில் போட ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். பனி விழுந்து ரோடு அடைத்துக்கொண்டால் அதன்பிறகு ஜாடியில் இருப்பதுதான் சாப்பாடு. அதனால் அந்த மாதம் முழுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. நுஹாத்துக்கு மற்ற மாதங்களிலேயே பொறுமை கொஞ்சம் குறைவு.

அவளுடைய பேர்போன சரக்கு கிஷ்க். கோதுமை நொய்யை ஆட்டுத் தயிரில் ஊறப்போட்டு, உப்பிட்டு, தினமும் பிசைந்து புளிக்கவிட்டு, மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்து, காயக்காய உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்க வேண்டும். குளிர்காலக் காலையில் அந்தப் பொடியைப் பூண்டோடு வதக்கித் தண்ணீர் விட்டுக் கஞ்சி காய்ச்சினால் எலும்புவரை சூடு இறங்கும். கல்யாணமாகி வந்த வருஷம் நுஹாத் போட்ட முதல் கிஷ்க்கை நாத்தனார் அஃபீஃபா நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு எங்கேயோ ஒளிஞ்சுகிட்டிருக்கு போல" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து கிஷ்க் என்பது நுஹாத்துக்குச் சமையல் இல்லை, வழக்கு. ஒவ்வொரு வருஷமும் ஜெயிக்க வேண்டிய வழக்கு. ஜெயித்தும் வந்தாள். நாளடைவில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் தயிரையும் நொய்யையும் கொண்டுவந்து அவளிடமே கொடுத்தார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாதவள், ஒவ்வொரு வருஷமும் இன்னும் ஒரு வீட்டுச் சட்டியைச் சேர்த்துக்கொண்டாள்.

புருஷன் மில்ஹெம் லாரி ஓட்டுகிறவன். எங்கள் திராட்சையையும் ஆப்பிளையும் ஏற்றிக்கொண்டு கடலோரச் சந்தைகளுக்குப் போவான், சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு திரும்புவான். பையன்கள் இரண்டு பேர். பெரியவன் ரம்ஸிக்கு ஒன்பது வயது, சின்னவன் ஜூடுக்கு ஐந்து. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் மில்ஹெம் இருவருக்கும் நீல நிறத்தில் ரப்பர் செருப்பு வாங்கி வந்தான். கடலில் போட்டுக்கொண்டு நடக்கத்தான் அது. எங்கள் ஊரில் எந்த மாடியில் நின்றாலும் கீழே பத்ரூன் பக்கத்துக் கடல் தெரியும். பிறந்ததிலிருந்து அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ரம்ஸி ஒருநாளும் அதில் கால் வைத்ததில்லை.

கடலுக்கு எப்போது போகலாம் என்று பையன்கள் கேட்காத நாளில்லை. நுஹாத்தும் பதில் சொல்லாத நாளில்லை. செர்ரி ஜாம் முடியட்டும் என்றாள். தக்காளி முடியட்டும் என்றாள். ஆகஸ்டு பிறந்ததும், "கிஷ்க் முடியட்டும்டா. கடல் எங்க ஓடிப்போயிடப் போகுது?" என்பதே நிரந்தரப் பதிலாகிவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை. போகத்தான் நினைத்தாள். ஆனால் இரண்டு பையன்கள் நாள் முழுக்கக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தால் எந்த வேலைதான் ஓடும்? ஒருநாள் மாவுக் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் எப்போது திறக்கும், இந்த வீட்டுக்கு எப்போது விடிவு வரும் என்று வாய்விட்டே புலம்பினாள். ஜூட் அண்ணாந்து பார்த்து, "நாங்க போயிட்டா உனக்கு சந்தோஷமாம்மா?" என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள். அவன் சிரிக்கவில்லை. பிறகு ராத்திரி அவனைத் தூங்கவைக்கும்போது அது நினைவுக்கு வந்து மனசு உறுத்தியது. விடிந்தால் நொய் புடைக்க வேண்டியிருந்ததால் உறுத்தலை அப்படியே ஒத்திப்போட்டாள்.

சிலுவைத் திருவிழா வந்தது. திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் மலை மலையாகத் தீ மூட்டுவது எங்கள் வழக்கம். ஊர்ப் பையன்கள் வாரக்கணக்கில் முள்செடியும் திராட்சைக் குச்சியும் சேர்த்துக் கோயில் மேட்டில் குவித்து வைத்திருப்பார்கள். இருட்டத் தொடங்கியதும் ஒரு மேட்டில் தீ எழும்பும், அடுத்த ஊர் பதில் தீ போடும். ரம்ஸி தனியாகப் போயிருக்கலாம். ஆனால் தம்பியை விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசில்லை. ஜூடைக் கூட்டிப்போக வேண்டுமானால் அம்மா வந்தாக வேண்டும். அம்மா அப்போது தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, பெய்ரூத்தில் இருக்கும் பெரியம்மா மகளிடம் இந்த வருஷத் தயிரின் பெருமையைச் சொல்லியபடி தக்காளி ஜாடிகளுக்கு மூடி திருகிக்கொண்டிருந்தாள். ரம்ஸி வந்து நின்று ஏதோ கேட்டான். அவள் கையை ஆட்டி, "ம், சரி, போ" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே முற்றத்திலிருந்து அஃபீஃபாவின் குரல் கேட்டது. அவளுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏறி வருஷக்கணக்காகிறது. ஆனால் மூக்குக்கு ஒரு வலியும் இல்லை. "நுஹாத், உன் மாடியில என்ன டயரா எரியுது?"

நுஹாத் ஓடினாள். மாடி மூலையில் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்துக்குள் தீ எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கறுப்பாக ஒரு புகை எழும்பி, கடல்காற்று தள்ளிய பக்கமெல்லாம் சாய்ந்து, விரித்திருந்த கிஷ்க்கின் மேலேயே படிந்துகொண்டிருந்தது. ரம்ஸி விவரமான பையன்தான். தீயைத் தூர மூலையில் வைத்திருந்தான், கிஷ்க் மேல் இன்னொரு துணியையும் போர்த்தியிருந்தான், திராட்சைக் குச்சி மட்டும்தான் போட்டிருந்தான். தீ போதவில்லை என்று தன் நீலச் செருப்பு இரண்டையும் உள்ளே போட்டது ஜூட். ஏன்டா போட்டாய் என்று கேட்டதற்கு, அது இப்போது காலில் நுழையவில்லை என்றான். மூன்று மாதத்தில் கால் வளர்ந்துவிட்டிருந்தது.

நுஹாத் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். ரப்பர். நாலு வீட்டுக் கிஷ்க்கும் போயிற்று. ரம்ஸியின் கையைப் பிடித்துத் தரதரவென்று முற்றத்துக்கு இழுத்து வந்து, நாத்தனாருக்கும் அவள் பின்னால் கூடிவிட்ட இரண்டு பெண்களுக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தாள்.

"யாருடா உன்னை மாடியில தீ போடச் சொன்னது?"

பையன் அவள் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அப்புறம் அத்தையைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

அந்த நொடியில்தான் நுஹாத்துக்கு நினைவு வந்தது. ஜாடி மூடியைத் திருகிக்கொண்டே அரைக் காதில் வாங்கிய கேள்வி முழுசாகத் திரும்பி வந்தது: நீ வர முடியலைன்னா மாடியிலேயே சின்னதா ஒரு தீ போட்டுக்கட்டுமாம்மா? ம், சரி, போ. உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தோடு போயிருக்கும். ஆனால் எதிரே அஃபீஃபா நின்றுகொண்டிருந்தாள். கிஷ்க் காயும்போது தீ போடச் சொன்னவள் என்ற பேரை அந்த வாயில் கொடுக்க நுஹாத்துக்குத் துணிவு வரவில்லை. அத்தை தன் பங்குக்கு, வளர்ப்பு சரியில்லாவிட்டால் இப்படித்தான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மில்ஹெம் வந்தான். திங்கட்கிழமை லாரியில் ரம்ஸியையும் ஏற்றிக்கொண்டு போய்க் கடலைக் காட்டுவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தான். அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடம், ஆகவே அதுதான் கடைசி வாய்ப்பு. ரம்ஸி பையில் துண்டுகூட எடுத்து வைத்திருந்தான். நடந்ததையெல்லாம் அக்கா அஃபீஃபா சொல்லக் கேட்ட மில்ஹெம் கையை ஓங்கவில்லை, அது அவன் பழக்கமும் இல்லை. "அப்போ திங்கக்கிழமை நீ வர வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரொட்டியைப் பிட்டான். ரம்ஸி சரிப்பா என்றான். நுஹாத் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, கலக்க வேண்டாத குழம்பைக் கலக்கினாள். சாப்பிட்டு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாத்தனார் போகட்டும் என்று நினைத்தாள். புருஷன் தூங்கி எழட்டும் என்று நினைத்தாள். திங்கட்கிழமை காலை லாரி புறப்பட்டுப் போனது. ரம்ஸி வாசலில் நின்று கடைசி வளைவுவரை பார்த்துவிட்டு உள்ளே வந்து, "இன்னிக்கு என்ன வேலைம்மா?" என்று கேட்டான்.

அன்றைக்கு அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பையன் நல்லவனாகிவிட்டான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மலையில் பால் வற்றத் தொடங்கியிருந்தது. வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கிடைத்த தயிரில் நுஹாத் மறுபடியும் நொய் ஊறப்போட்டிருந்தாள். அதைப் பிசையும்போது சட்டியைப் பிடித்துக்கொண்டான், மாடியில் விரிக்கத் துணியின் மறுமுனையைப் பிடித்தான், குருவி விரட்டினான். மணிக்கொரு தரம் வானத்தைப் பார்த்தான். மேகம் ஒரு கை அகலம் தெரிந்தாலும், "அம்மா, உள்ள எடுத்துடலாமா?" என்று ஓடிவந்தான். காற்றில் குளிர் ஏறியிருந்தது, அத்திமரம் பழுப்பு இலைகளை மாடியில் உதிர்த்தது. அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிஷ்க்கிலிருந்து அப்புறப்படுத்தினான். விளையாடவே போகவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, அவள் தாம்பாளத்தோடு படியேறியபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"அம்மா சரின்னுதான சொன்னாங்க?" இது ஜூட்.

"போன்ல பேசிக்கிட்டே சொன்னாங்கடா. அவங்களுக்கே ஞாபகம் இருக்காது."

"நான் அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னே, உதைப்பேன். அத்தை அம்மாவைப் பிச்சுத் தின்னுடுவாங்க. பாவம்டா அவங்க."

நுஹாத் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது. பெற்றவள் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியது போய், ஒன்பது வயசுப் பிள்ளை பெற்றவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கிஷ்க்கை மாடியில் விரித்துவிட்டு முதல் வேலையாக நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றாள். "அண்ணி, அன்னிக்குத் தீ போடச் சொன்னது நான்தான். அவன் என்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டான்" என்றாள். அஃபீஃபா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?" என்று கேட்டுவிட்டு மறுபடி உரிக்கத் தொடங்கினாள். இவ்வளவுதானா என்றிருந்தது. மில்ஹெமுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பையனிடம் ராத்திரி தான் பேசிக்கொள்வதாக அவன் சொன்னான். அதுவும் முடிந்தது. மிச்சமிருந்த ஒருவனிடம் சொல்வதற்குத்தான் நாக்கு எழவில்லை. கிளம்புங்கடா என்று மட்டும் சொல்லி, கையில் கிடைத்த சட்டையை மாட்டிவிட்டு, வேனில் ஏற்றிக் கடலுக்கு இறங்கினாள். யோசித்தால் நின்றுவிடுவோம் என்று பயம், அதனால் மாடியில் விரித்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடற்கரையில் ஆளில்லை. கோடை போய்விட்டது, கடைக்காரன் நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஜூட் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான், அலை அடித்ததும் கத்திக்கொண்டு திரும்பினான், மறுபடி ஓடினான். ரம்ஸி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். காலில் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய புது ஷூ.

நுஹாத் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ரம்ஸி, அன்னிக்கு நீ என்கிட்ட கேட்டே. நான்தான் சரின்னேன். எனக்கு அப்பவே ஞாபகம் வந்துடுச்சு. வந்தும் சொல்லலை. அத்தைகிட்டயும் அப்பாகிட்டயும் காலையில சொல்லிட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். "அப்பவேவா?" என்று கேட்டான்.

"அப்பவே."

அவன் தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள், கோபப்பட்டால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவனோ கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து மலையைப் பார்த்தான். ஊர் இருக்கிற உச்சியில் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, மேல மழை கட்டுது. கிஷ்க் மாடியில இருக்கு. அத்தையால ஏற முடியாது."

"நனையட்டும்டா. நீ ஷூவைக் கழட்டு, தண்ணியில கால் வை."

"மத்தவங்க வீட்டோடதும் இருக்கேம்மா."

"இருக்கட்டும் ராசா. உனக்காகத்தான வந்தோம்."

அவன் எழுந்து நின்றான். அம்மாவின் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, பெரியவர்கள் சின்னவர்களைத் தேற்றுகிற மாதிரி அவள் தோளில் கை வைத்தான்.

"கிஷ்க் முடியட்டும்மா" என்றான். "கடல் எங்க ஓடிப்போயிடப் போகுது?"

சொல்லிவிட்டுத் தம்பியைக் கூப்பிடப் போனான். ஷூ நனையாமல், அலைக்கு எட்டாத தூரத்திலேயே நின்று கூப்பிட்டான்.