மூன்றாவது சர்வரின் இரண்டு வழிகள்

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வந்து சேர்ந்தபோது அக்கா நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா? நல்லதாப் போச்சு, பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வா" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு. கையில் அலுவலக ஃபோன். அதை அவள் அணைத்து வைத்து நான் பார்த்ததே இல்லை. குளிக்கப் போனால் அது குளியலறை வாசலில் ஒரு ஸ்டூலின் மேல் காத்திருக்கும்.

அவளுக்கு மருத்துவமனையில் வேலை. நோயாளிகளின் பதிவுகள், பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கின்றன. சர்வர் எனும் மூன்று பெரிய கம்ப்யூட்டர்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் பெட்டிக்கு இரண்டு வழி, இரண்டு கேபிள். ஒன்று மேல் சுவிட்ச் என்ற இணைப்புப் பெட்டி வழியாகப் போகும், மற்றது கீழ் சுவிட்ச் வழியாக. ஒன்று செத்தால் வேலை தானாக மற்றதற்கு மாற வேண்டும். அது மாறுமா என்று கவலைப்படத்தான் அக்காவுக்குச் சம்பளம்.

அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'பிடுங்கி'. திரையில் இரண்டு வழிக்கும் பச்சை காட்டினாலும் நம்பமாட்டாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அடுத்த மாதம் பள்ளி விடுமுறை வந்தது; அது முடியுமுன் மகள் பாப்பாவைப் பத்து நாள் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். நான்கு வருடத்தில் முதல் லீவு. உடன் வேலை செய்யும் கண்ணாடிக்காரர், எது பழுதானாலும் அழைப்பு வரும் அந்த ஃபோனை அதுவரை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். ஒரே நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமை சோதனையில் மூன்று சர்வரும் தேற வேண்டும், அதை அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். முடிந்ததும் அப்படியே பஸ் ஏறுவதாகத் திட்டம். அதனால் பையோடு நாங்களும் போனோம். பாப்பா நீச்சல் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரைதான் அனுமதி. அந்த நேரத்தில் வார்டுகளில் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக்கொள்வார்கள். நானும் பாப்பாவும் இயந்திர அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவைத் திறந்து வைத்திருந்ததால் குளிர்ந்த காற்றும் இரைச்சலும் எங்கள் மேல் வந்து விழுந்தன.

"வந்துட்டாங்கய்யா பிடுங்கி மேடம்" என்றார் கண்ணாடிக்காரர். "இன்னிக்கு எத்தன கேபிளுக்கு ஆயுசு முடியுது?"

"இன்னிக்கு கேபிள் இல்ல. மேல் சுவிட்சையே அணைக்கப் போறேன்."

அணைத்தாள். முதல் சர்வர் ஒரு கணம் திணறி, மறுவழியில் ஓடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நின்றுவிட்டது.

அக்கா பின்பக்கம் போய், மூன்றாவதின் இரண்டு கேபிள்களையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். இரண்டும் மேல் சுவிட்சில்தான் முடிந்தன.

கேபிளைப் பிடுங்கிப் பார்த்ததில் இத்தனை நாள் இது அகப்படவில்லை. ஒன்றைப் பிடுங்கினால் மற்றது தாங்கியது. இரண்டும் ஒரே வாசல் வழியாகப் போவதை அது காட்டவில்லை. மூன்று மாதத்துக்கு முன், பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்த வாரம், அதைச் சொருகியவள் அக்காதான். 'சரி' என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

சுவிட்சை மறுபடி போட்டு, ஒரு கேபிளைக் கீழ் சுவிட்சுக்கு மாற்றினாள். மூன்றாவது சர்வர் தன் கோப்புகளையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தது. அப்போது மணி நாலு அடிக்க ஐந்து நிமிடம். இன்னொரு முறை அணைத்துப் பார்க்க நேரமில்லை.

"அதான் மாத்திட்டீங்கல்ல மேடம்?" என்றார் கண்ணாடிக்காரர், குரலைத் தாழ்த்தி. "மூணும் சரின்னு போடுங்க. நான் எதையும் பாக்கல. ஃபோனக் குடுத்துட்டு கிளம்புங்க, கொழந்த காத்துட்டிருக்கா."

"மாத்தினேன். வேல செய்யுதான்னு பாக்கலையே."

"செய்யாம எங்க போகும்?"

"போன தடவையும் இப்படித்தான் நெனச்சேன்."

அவள் நின்றபடியே எழுதினாள். மூன்றாவது: கேபிள் தவறாகச் சொருகப்பட்டிருந்தது, சொருகியது நான். மாற்றியாயிற்று. சோதிக்கவில்லை.

கண்ணாடிக்காரர் அதை ஒருமுறை படித்தார். பிறகு மேசைமேல் இருந்த ஃபோனை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"கோவிச்சுக்காதீங்க. சோதிக்கலன்னு எழுத்துல இருக்கும்போது பத்து நாளைக்கு என்னால பொறுப்பேத்துக்க முடியாது. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"கோவமெல்லாம் இல்லங்க. நானா இருந்தாலும் வாங்கமாட்டேன்."

அடுத்த சோதனை ஞாயிறு கிடைக்க நான்கு வாரம் ஆகும். அதற்குள் பள்ளி திறந்துவிடும்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பை என் மடியில் கனத்தது. பாப்பா கேட்டாள்: "யாரும்மா அதத் தப்பா சொருகினது?"

"நான்தான்டி."

"அப்போ சொல்லாமயே இருந்திருக்கலாம்ல?"

அதற்குள் அக்கா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள், ஃபோன் உள்ளங்கையில் இருந்தபடி. பாப்பா என்னைப் பார்த்தாள். நான் மடியிலிருந்த பையைச் சரிசெய்தேன். அவள் நீச்சல் கண்ணாடியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.