பிரேக் இல்லாத சைக்கிள்

எழுபதுகளில் மீஞ்சூர் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஒல்லியான உடம்பு, தொடைகள் மட்டும் காக்கி பேண்டைக் கிழித்துவிடும்போல இருக்கும். ஏஷியன் கேம்ஸில் சைக்கிள் ஓட்டியதாகச் சொல்வார். போட்டோ கேட்டால், "புயல்ல போச்சு சார்" என்பார். நான் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. கேண்டீனில் நான் சிரித்ததைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள்.

அவருடைய சைக்கிளில் பிரேக் கிடையாது. பெடலைக் காலால் பின்னுக்கு அழுத்தித்தான் நிறுத்துவார். திருட்டு வண்டியோ என்றுகூட நினைத்தேன்.

"பிரேக் எங்கய்யா?"

"டிராக்குல ஓட்ற வண்டிக்கு அது கெடையாது சார். முன்னால போறவன் பிரேக் புடிச்சா, பின்னால வந்துகினு இருக்கறவன் அவன் மேலயே ஏறிடுவான்."

கதையை நன்றாகத்தான் ஜோடித்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவர் வண்டி பஞ்சர். தபால் பெட்டியில் கடிதம் போட்டுவர என் சைக்கிளைக் கேட்டார், கொடுத்தேன். திரும்பி வேகமாக வந்தவர், கேட்டருகே பிரேக்கைத் தொடவேயில்லை. பெடலைப் பின்னுக்கு மிதித்தார். என் வண்டியில் அது சும்மா சுற்றியது. நேராக இரும்புக் கேட்டில் மோதி விழுந்தார்.

முழங்கையில் ரத்தம். எழுந்ததும் முதலில் என் ஹேண்டில்பாரை நிமிர்த்தினார்.

"காலு மறக்கல சார். இப்பவாவது நம்பறியா?"

"நம்பறேன்யா" என்றேன், எல்லார் எதிரிலும்.

சாயங்காலம் வீட்டுக்கு அதே சைக்கிளை மிதிக்கும்போதுதான் தோன்றியது. தபால் பெட்டியருகே மட்டும் அவர் எப்படி விழாமல் நிறுத்தினார்?