உதைக்கிறவளுக்கு முதுகு பிடித்தால்

எனக்கு வயது எழுபத்து நாலு. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். செவலைப் பசுவையும் சேர்த்தால் ஆறு. எதிர்த்துப் பேசாதது அது ஒன்றுதான்.

தலைக்குப் பதில் கால் முன்னால் வந்து பிறந்தவள் நான். அப்படிப் பிறந்தவர்கள் உதைத்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இண்டூர்ப் பக்கம் என் காலடி படாத பெரிய முதுகு கிடையாது. ஓட்டுக் கேட்டு வந்து என்னைக் கும்பிட்டவரை, மறுவாரம் குப்புறப் போட்டு மிதித்திருக்கிறேன். "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க ஆத்தா" என்று அவரே கெஞ்சினார்.

அப்படிப்பட்ட எனக்கே ஆடி மாதம் பால் கறக்கக் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. என்னை யார் உதைப்பது? மருமகள் ஆசையாகத்தான் பார்த்தாள். பாவம், அவள் தலையால் பிறந்தவள்.

வலி குறைந்தும் குனிய முடியவில்லை.

"இனி யாரும்மா கறக்கறது? புரட்டாசிக்குள்ள நீ குனியலேன்னா மாட்ட வித்துடுவேன்" என்றான் மகன்.

தருமபுரியில் பிசியோதெரபி படிக்கும் அவன் மகள் வந்தாள். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அவள்தான். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மேல இருக்கற பெரிய சதை மூட்ட தூக்கறதுக்கு ஆயா. அடியில சின்னச் சின்ன சதை இருக்கு. சிலது அடுத்த எலும்பப் புடிச்சிருக்கும், சிலது ரெண்டு மூணு எலும்பு தாண்டிப் புடிக்கும். முதுகு ஆடாம நிக்கறது அதுங்களாலதான். வலி வந்ததும் அதுங்க தூங்கிடுச்சி. பெரிய சதை பயந்துபோயி இறுக்கிக்கிச்சி."

"வூட்டுல வேலை செய்யறவ படுத்துட்டா ஆம்பளைங்க கத்தற மாதிரி."

"அதேதான்."

"அப்ப நான் உதைக்கறது?"

"மேல் சதை கொஞ்சம் தளரும். அடியில இருக்கறது எந்திரிக்காது. எலும்பு தேஞ்சவங்கள மிதிச்சா ஒடஞ்சிடும்."

"என் காலுல இதுவரைக்கும் யாரும் ஒடையலடி" என்றேன்.

முட்டி போட்டுக் கையை ஊன்றச் சொன்னாள். பிறகு ஒரு கையை முன்னாலும், எதிர்ப்பக்கத்துக் காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும். முதுகு மட்டும் அசையக் கூடாதாம்.

"நம்ம நாயி கரெண்டுக் கம்பத்துகிட்ட நிக்கற மாதிரி இருக்குதே!"

"மூச்ச அடக்காத ஆயா. சிரி, ஆனா ஆடாத."

தினமும் நின்றேன். நாய் எதிரில் உட்கார்ந்து, ஏதோ தான் சொல்லிக்கொடுத்தது போலப் பார்த்தது.

புரட்டாசி முடிவதற்குள் குனிய வந்துவிட்டது. மகனிடம் சொல்லவில்லை. மாட்டுத் தரகர் கண்ணெதிரே கறந்து காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

தரகர் வந்தார். மடியைத் தடவிப் பார்க்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"ஐயோ! ஆத்தா, ஒரு உதை உதைங்க!"

என் மாட்டை ஓட்டிப் போக வந்தவரை உதைக்கக் கால் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"மெதுவா கைய ஊனி நாலு கால்ல நில்லுங்க. மூச்ச அடக்காதீங்க."

அவர் தொழுவத்தில் நாலு காலில் நிற்க, பக்கத்தில் நான் குனிந்து உட்கார்ந்து செம்பு நிறையக் கறந்தேன். மகன் பசுவின் கயிற்றை முளையில் மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டு, தரகரைக் கைகொடுத்துத் தூக்கினான்.

எங்கே, எழுதினதைப் படிச்சிக் காட்டு கண்ணு. நாய் வர்ற எடத்த உடற்பயிற்சின்னு மாத்தியிருந்தியோ, ஒரே உதை.