அக்கா வீட்டுக் கூரையைப் பார்க்க வந்தவர்

சுத்தம் சோறு போடும்னு சொல்வாங்க. எங்கக்கா விஷயத்துல அது சோத்துல மண்ணை அள்ளிப் போடப் பார்த்துச்சு.

எங்கக்கா வீட்டுலயே மெஷின் வச்சுத் தைக்கிறவ. கம்பெனிக்காரன் வெட்டின துணியைக் கொண்டாந்து போடுவான், இவ சட்டையாத் தைச்சுக் கொடுப்பா. வீடு தகரக் கூரை போட்ட ஒத்தை அறை. மழை பேஞ்சா ஒழுகும். ஒழுகுறதும் சொல்லி வச்ச மாதிரி மெஷினுக்கு மேலயே ஒழுகும். நகர்த்திப் போடலாம்னா, வெளிச்சம் வர்ற ஜன்னல் அங்க ஒண்ணுதான் இருக்கு. போன மழையில ஒரு கட்டுத் துணி பூரா துருக்கறை. இன்னொரு தடவை கறை பட்டா வேலையே கிடையாதுன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான்.

மாமா பஸ் கழுவுற வேலைக்குப் போறவர். அவர் சம்பளம் வாய்க்கும் வயித்துக்குமே சரியாப் போயிடும். கூரை வேலை செய்றவர் வந்து பார்த்துட்டு ஒரு தொகை சொன்னார். மாமா அவருக்குக் குடிக்கத் தண்ணி கொடுத்து மரியாதையா அனுப்பி வச்சார்.

அப்புறம் நான்தான் நாயா அலைஞ்சு ஒரு சங்கத்தைக் கண்டுபிடிச்சேன். வருமானம் குறைஞ்சவங்க வீட்டை இலவசமாப் பழுது பார்த்துக் கொடுப்பாங்களாம். முதல்ல ஒரு ஆபீசர் நேர்ல வருவார். வீடு மோசம்னு அவர் எழுதினா வேலை நடக்கும். நல்லா இருக்குன்னு எழுதிட்டா அவ்வளவுதான். இதை அக்காகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வீட்டுக்கு ஒருத்தர் வர்றார்ங்கிறதை மட்டும் அவ பிடிச்சுக்கிட்டா.

அன்னைக்குக் காலையில போய்ப் பார்த்தா எனக்கு மயக்கம் வராத குறை. சுவருக்கு வெள்ளை அடிச்சிருக்கா. கூரையில துருப்பிடிச்ச ஓட்டைக்கெல்லாம் வெள்ளைக் காகிதம் வெட்டி ஒட்டியிருக்கா. ஒழுகுற தண்ணி பிடிக்கிற பாத்திரம் பூரா கட்டிலுக்கு அடியில. எதிர் வீட்டு சோபா நடு அறையில. மாமாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி மூலையில உக்கார வச்சிருக்கா. மனுஷன் மூச்சுக்கூட மெதுவா விடுறார்.

ஏன்க்கா, உனக்கு மூளை கீளை இருக்கான்னு கேட்டேன். வர்றவர் நம்மளைப் பத்தி என்ன நினைப்பார்னு என்னையே திருப்பிக் கேட்டா.

ஆபீசர் வந்தார். வழுக்கைத் தலை, சாதுவான முகம். அவரை சோபாவுல உக்கார வச்சு, காபி கொடுத்து உபசரிச்சா. வீட்டுல என்னம்மா பிரச்சினைன்னு கேட்டார். ஒரு குறையும் இல்லைங்கன்னு சொன்னா பாருங்க, எனக்கு வந்துச்சே கோபம். கூரை ஒழுகும்னு நான் ஆரம்பிச்சா, எல்லார் வீட்டுலயும் நடக்கிறதுதானேன்னு சிரிச்சு மழுப்புறா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறா, அதுவும் நான் பக்கத்துல நிக்கும்போதே. ஆபீசர் பேனாவைத் திறந்துட்டார்.

விடுவேனா? வெளியே ஓடினேன். பெயிண்டர் ஒருத்தர் பக்கத்துச் சுவர்ல சாத்தி வச்சிருந்த ஏணியை இழுத்துப் போட்டு, ஒரு வாளித் தண்ணியோட கூரை மேல ஏறிட்டேன். மெஷின் நனையக் கூடாதுன்னு ஒரு எட்டுத் தள்ளி ஊத்தினேன். அந்த ஒரு எட்டுல சோபா இருக்குங்கிறது எனக்கு எங்க ஞாபகம் இருந்துச்சு?

அக்கா ஒட்டின காகிதம் பொத்துன்னு விழுந்துச்சு, பின்னாடியே தண்ணியும் விழுந்துச்சு. ஓட்டை வழியா எட்டிப் பார்த்தா, ஆபீசர் வழுக்கையில காகிதம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அக்கா பாய்ஞ்சு போய்க் குடையை விரிச்சு அவருக்குப் பிடிக்கிறா. எப்பவாவது ஒரு சொட்டு விழும்ங்க, நீங்க காபியைக் குடிங்கன்னு வேற சொல்றா.

இறங்கலாம்னு திரும்பினா ஏணியைக் காணோம். பெயிண்டர் தூக்கிட்டுப் போயிட்டார். மேல ஒரு பொம்பளை நிக்கிறது அந்த மனுஷன் கண்ணுக்குத் தெரியலையா? வேற வழியில்லாம குப்புறப் படுத்து ஓட்டையில முகத்தை வச்சேன். கறை பட்டா அவ பிழைப்பே போயிடும்ங்கன்னு அங்கிருந்தே கத்தினேன்.

ஆபீசர் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். காகிதத்தைத் தலையில இருந்து பிய்ச்செடுத்து ஓரமா வச்சார். கோபப்படுவார்னு நினைச்சேன், படல. குரலைத் தணிச்சு அக்காகிட்ட கேட்டார்.

"பிழைப்பே போற விஷயத்தை ஏம்மா மறைச்சீங்க?"

அக்கா குடையை மடக்கினா.

"கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த வீட்டுக்குள்ள யாரும் வந்து உக்காந்ததில்லைங்க. எல்லாரும் வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுவாங்க. நீங்கதான் உள்ள வந்தீங்க. உங்க வாயால இது மோசமான வீடுன்னு கேக்க மனசு வரலைங்க."

இதை அவ என்கிட்டகூடச் சொன்னதில்ல.

ஆபீசர் வெள்ளையடிச்ச சுவரைச் சுத்திப் பார்த்தார், தண்ணி கலந்த காபியைக் குடிச்சு முடிச்சார். டம்ளரைக் கீழ வச்சுட்டு எழுதினார். எழுதினதை அக்காவுக்குப் படிச்சும் காட்டினார்.

"இது நல்ல வீடு. கூரையை மட்டும் உடனே மாத்தித் தரணும்."

அக்கா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னா.