பத்தாயத்தில் வைத்த டயர்

சிவக்கொழுந்து ஐயா இறந்துவிட்டார். காலையில் அரியலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகன் போன் செய்தான்.

விஷயத்தைச் சொல்லிவிட்டு, அழுகையோடு அவன் கேட்டது ஒன்றுதான். "அக்கா, டயர் வந்துடுச்சா?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரம்பலூரில் எனக்கு டயர் கடை. ஐயா பழைய கஸ்டமர், திருமானூர் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அவர் வீட்டு ஷெட்டில் ஒரு கறுப்பு கார் நிற்கிறது. நாற்பதுகளில் அவர் அப்பா ஓட்டிய கார்.

அந்தக் காருக்கு டயர் மாற்ற, சக்கரங்களை மட்டும் வேனில் அனுப்பிவிட்டு ஐயா பஸ்ஸில்தான் வருவார். சொந்தக் காரில் அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை...

வாரத்துக்கு ஒரு நாள் டிரைவர் எடுத்துக்கொண்டு தோப்பு வரை போய்த் திரும்புவார். ஐயா கேட் பக்கத்தில் நின்று பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் ஆறு வருஷம் ஆனால் போதும், ஸ்டெப்னி உட்பட எல்லாம் புதுசாக வேண்டும்.

நான் கடைக்கு வந்த புதுசில் இதற்காகச் சண்டையே போட்டேன். டயரின் மேல் பட்டன் கொஞ்சம்கூடத் தேயவில்லை, நிழலில் நிற்கிற காருக்கு இன்னும் சில வருஷம் தாராளமாக வரும் என்று சொன்னேன். வந்த வியாபாரம் போதும் என்று வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது.

அவர் எழுந்தார். கழற்றிப்போட்ட டயர்களைப் பக்கவாட்டில் அரிவாளால் கிழித்துக்கொண்டே வந்தார், ஒன்று விடாமல். கரும்பு வண்டிக்கு அதைக் கேட்டு வந்திருந்தவருக்கு முகமே செத்துவிட்டது.

"இத யாரும் மாட்டக் கூடாதும்மா" என்றார்.

கிறுக்கு என்றுதான் நினைத்தேன். அடுத்த செட் மாற்ற வந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார்.

உலக யுத்த காலம். டயருக்குப் பயங்கரத் தட்டுப்பாடு. அவர் அப்பா எங்கெங்கோ அலைந்து ஒரு செட் புது டயர் வாங்கிவிட்டார். ஆனால் மாட்டவில்லை. நல்ல காரியத்துக்கு ஆகும் என்று எடுத்துவைத்தார்.

அந்த வீட்டில் எதெல்லாம் அருமையோ அதெல்லாம் பத்தாயத்துக்குள், நெல்லில் புதைந்து கிடக்கும். வெல்லம், வெண்கலப் பானை... டயரும் அங்கேதான் போனது. ஒவ்வொரு அறுவடைக்கும் அதன்மேல் களத்துச் சூடு ஆறாத புது நெல். கார் செங்கல்மேல் நின்றது. யுத்தம் முடிந்தும் அப்படியேதான்.

பிறகு ஐயாவின் அம்மாவுக்குப் பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அரியலூருக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

நெல்லை வாரி டயரை எடுத்து மாட்டினார்கள். மேலே முடி முடியாக இருக்குமே ரப்பர், அதுகூட உதிரவில்லையாம். கடையில் இருந்து வந்த மாதிரியே இருந்ததாம். ஊரே நின்று பார்த்ததாம்.

ஊர் எல்லை மதகைக்கூடத் தாண்டவில்லை. முன் டயர் வெடித்து, கார் வாய்க்காலில் இறங்கிவிட்டது.

அந்த வாய்க்கால் கரையில்தான் ஐயா பிறந்தார். அம்மா பிழைக்கவில்லை.

டயருக்கு ஓடினால் மட்டும்தான் வயசாகும் என்று அவர் அப்பா நினைத்திருக்கிறார். சும்மா கிடந்தாலும், அதுவும் நெல் சூட்டில், ரப்பர் உள்ளே காய்ந்துகொண்டேதான் இருக்கும். இன்றைக்கு டயரிலேயே தயாரித்த தேதி அச்சாகி வருகிறது. அவருக்கு யார் சொன்னார்கள்?

அப்பா சாகிறவரை ஒரே பேச்சுத்தானாம். "புது டயருதான்டா மாட்டுனேன்... புதுசுதான்டா." மகனிடம் சொல்வார், மாட்டிடம் சொல்வார், ஆளில்லாத கூடத்தில் உட்கார்ந்தும் சொல்வார்.

"இப்பவும் மத்தியானத்துல, பத்தாயம் இருந்த ரூம்லேர்ந்து கேக்குதும்மா" என்றார் ஐயா. சொல்லிவிட்டு, என் கடையில் அடுக்கியிருந்த டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எந்த டயரை எடுத்தாலும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன். மத்தியானம் கடையில் தனியாக இருக்க இன்றும் பிடிக்காது.

அந்தக் காரை விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். நான் வேறு எப்படிக் கேட்பேன்?

"எங்கம்மா போட்டோ ஒண்ணுகூட கெடையாது. அவங்க உக்காந்த எடம்னு சொல்ல அந்தப் பின்சீட்டு மட்டுந்தான் இருக்கு. விக்கவும் முடியல... அதுல ஏறி உக்காரவும் முடியல."

போன வாரம் போன் செய்தார். ஆறு வருஷம் ஆகிவிட்டது, இந்தத் தடவை சீக்கிரம் வரவழைத்துவிடு என்றார். நானும் ஏறலாம் என்று இருக்கிறேன் என்றார். சிரித்துக்கொண்டே, இப்போதுதான் தைரியம் வந்ததா என்று கேட்டேன். அவரும் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் சேரும்போதே மகனிடம் சொல்லிவைத்திருக்கிறார், ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காரில்தான் தன்னை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று. உயிரோடோ, இல்லையென்றாலோ.

வந்திறங்கியிருந்த டயரை ஏற்றிக்கொண்டு நானே திருமானூர் போனேன். பையனை அனுப்ப மனசு வரவில்லை. ஷெட்டில் நின்று மாட்டும்போது ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை முறுக்கினேன். உள்ளே அந்த ரூம் கதவு சாத்தியிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கிளம்பும்போது டிரைவர் அண்ணன், "முன்னாடி உக்காருங்கக்கா" என்றார். பின்சீட்டு காலியாகவே வந்தது. மதகு வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார். நான் தலையை வெளியே நீட்டி முன் டயரையே பார்த்தேன். கார் தாண்டியது... அத்தனை வருஷம் கழித்து, அரியலூர் வந்து சேர்ந்தது.

இப்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்று இதை டைப் செய்கிறேன். ஐயாவை வெளியே கொண்டுவருகிறார்கள். மகன் பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறான்.

ஐயா... புது டயர்தான். நிஜமாவே புதுசு. தேதி பாத்துட்டேன்.

ஏறுங்க. அம்மா பக்கத்துல உக்காருங்க.