விடியும்வரை உறங்கிய நாள்

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெருங்குடலில் ஆறாத புண் இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுக்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. எங்களுக்கு மரவள்ளி போடும் நிலம். வேலை நடக்கும்போது அங்கே போய் நின்றால் பகல் எப்படியோ ஓடிவிடும். இரவுதான் பெரும்பாடு. கண் அசரும் நேரம் பார்த்து வயிறு முறுக்கும். ஐந்து முறை, ஆறு முறை எழுந்து தோட்டத்துக் கழிவறைக்கு ஓடுவேன். அடுத்த கட்டிலில் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவர் விழித்துவிடக் கூடாதென்று தாழ்ப்பாளை முந்தானையால் பொத்திப் பிடித்து நீக்குவேன். கொடுத்துவைத்த மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் கள்ளக்குறிச்சியில் புதிதாக வந்த டாக்டரம்மாவிடம் போனோம். எத்தனை முறை போகிறது, ரத்தம் வருகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, “ராத்திரி நல்லா தூங்குறீங்களாம்மா?” என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

“வயசாயிடுச்சிங்க. தூக்கம் கம்மியாதான இருக்கும்?”

“வயசு மேல பழி போடாதீங்க. புண்ணு ஆறலன்னா தூக்கம் கெடும். தூங்கலன்னா உடம்பு இன்னும் அசந்துபோகும்.” சீட்டைப் புரட்டியவர் ஒரு மாத்திரையைக் காட்டி, “இத எப்ப போடுறீங்க?” என்றார்.

“ராத்திரி சாப்டுட்டு.”

“காலையில போடுங்க. ராத்திரி போட்டா இதுவே தூங்க வுடாது.”

கூடவே படுக்கும் முன் ஆசனவாயில் ஏற்றிக்கொள்ள ஒரு மருந்தும் எழுதினார். முதலில் கூச்சமாக இருந்தது. வாரங்கள் போகப் போக ஆறு முறை மூன்றாயிற்று. மூன்று ஒன்றாயிற்று.

ஒரு நாள் கண் திறந்தபோது முகத்தில் வெயில். ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை, மரம் மரமாக எண்ணிவிடலாம் போலப் பளிச்சென்று நின்றது. இத்தனை வருடமும் அது இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கே இருக்கிறேன் என்றே ஒரு நிமிடம் விளங்கவில்லை.

பக்கத்தில் நாற்காலி போட்டுக் கணவர் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

“இன்னாங்க, தூங்கலியா?”

“எங்க தூங்குறது? தாப்பா சத்தமே காணோம். பயந்துட்டேன். மூக்குகிட்ட கைய வச்சி பாத்துகினே இருந்தேன்.”

“அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்குமா? நீங்கதான் கொறட்ட வுட்டுகினு கெடப்பீங்களே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “முழிச்சிகினு இருக்கறன்னு தெரிஞ்சா நீ அடக்கிகினு படுத்துருப்ப. அதான் சும்மா கொறட்ட வுடுவேன். நீ வந்து படுத்தப்புறம்தான் கண்ண மூடுவேன்.”

ஒன்பது வருடம். இத்தனை இரவுகளும் தனியாகத்தான் நடந்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன்!

அவரைப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். படுத்த உடனே உறங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது, சத்தமே இல்லை. இவருக்குக் குறட்டையே கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், வெயில் ஏறும்வரை அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.